பழைய பஞ்சு பொம்மையைக் கழுவுவதும் தைப்பதும்

என் மகளுக்கு ஒரு முயல் பொம்மை உண்டு. ஒரு வயதில் அவள் கைக்கு வந்தது. அவளுக்கு நான்கு வயதானபோது, அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்துக் காயப் போட்டேன். பால் வெள்ளையாக வந்தது. மாலையில் வந்தவள் அதைத் தூக்கி முகத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, "இது என் முயல் இல்லம்மா" என்று கீழே வைத்துவிட்டாள். மூன்று இரவுகள் சரியாகத் தூங்கவில்லை.

நான் கழுவி எடுத்தது அழுக்கை மட்டுமல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. அவளுக்குத் தெரிந்த வாசமும் போய்விட்டது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் துணியோ பொம்மையோ நாறினாலும் தாய் அதைக் கழுவாமல் விட்டுவைப்பாள். கழுவினால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்பார். அதற்காகக் கழுவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூசியும் எச்சிலும் ஏறிய பொம்மையை முகத்தில் வைத்துத் தூங்கும் குழந்தைக்கு மூக்கடைப்பு வரத்தான் செய்யும். ஆனால் பொம்மையைப் புதிதாக்குவது நம் வேலை அல்ல. இன்னும் சில வருடம் அது அதுவாகவே இருக்க வழி செய்கிறோம். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

ஆகவே முதல் படி, குழந்தையிடம் கேட்பது. "முயலுக்குக் குளியல் போடலாமா, நீயும் வர்றியா" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். காலையில் ஆரம்பியுங்கள். அன்று இரவு பொம்மை காய்ந்திருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். காய்ந்த பிறகு குழந்தையின் தலையணை உறைக்குள் சில மணி நேரம் போட்டு வைத்தால் பழகிய வாசம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை இதுதான் கைகொடுத்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

தண்ணீரைத் தொடுமுன் பொம்மையை ஐந்து நிமிடம் கையால் படியுங்கள். அமுக்கினால் உடனே எழும்பி வந்தால் உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. தலையணைக் கடையில் ரெக்ரான் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த வகை. இன்றைய பொம்மைகளில் பெரும்பாலும் இதுதான், கழுவவும் எளிது. மணல் போல நறநறவென்று உருண்டால் பிளாஸ்டிக் மணிகள். தண்ணீருக்கு அவை அஞ்சாது, வெந்நீர் மட்டும் வேண்டாம். கட்டி கட்டியாக, கனமாக இருந்தால் பருத்திப் பஞ்சோ துணிக் கழிவோ இருக்கலாம். இவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், காய நாளாகும். அமுக்கும்போது பொடியாக உதிர்கிற மாதிரி இருந்தால் பழைய ஃபோம் நொறுங்கிவிட்டது என்று பொருள். அதைக் கழுவுவதில் பயனில்லை, பிரித்து மாற்ற வேண்டியதுதான்.

தாத்தா பாட்டி காலத்துப் பொம்மை, அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த கரடி என்றால் கூடுதல் கவனம் தேவை. கரடி பொம்மை பிறந்ததே 1902-ஐ ஒட்டித்தான். ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனமும் அமெரிக்காவில் நியூயார்க்கின் புரூக்ளினில் மோரிஸ் மிக்டம் என்ற கடைக்காரரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தார்கள். அந்தக் காலத்துக் கரடிகளின் ரோமம் அங்கோரா ஆட்டு முடி, உள்ளே மெல்லிய மரச்சுருள். மரச்சுருள் நனைந்தால் ஊதி, பிறகு மக்கும். பின்னாளில் வந்த கரடிகள் பலவற்றில் நம் ஊர்த் தலையணைகளில் அடைக்கிற அதே இலவம் பஞ்சு இருந்தது. அதையும் தண்ணீரில் முக்கினால் கட்டி தட்டிவிடும். இப்படிப்பட்ட பொம்மைகளுக்கு நுரைக் குளியல் மட்டும்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டுப் பாடும் பொம்மை, கண் மின்னும் பொம்மை என்றால் பேட்டரிப் பெட்டி எங்கே என்று தடவிப் பாருங்கள். அதை வெளியே எடுக்காமல் நனைக்கக் கூடாது. எடுத்த பொத்தான் பேட்டரியை மேசையில் போட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாவிட்டால் நான் அந்தப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைப்பதே இல்லை.

இன்னும் இரண்டு சின்ன வேலைகள். பொம்மையை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். காது எந்தக் கோணத்தில் இருந்தது என்பது தைக்கும்போது மறந்துபோகும். அப்புறம், சமையல் தராசில் அதன் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று காய வைக்கும்போது தெரியும்.

நனைக்கும் முன்

தையல் விட்ட இடம் இருந்தால் முதலில் அதை ஒப்புக்காவது தைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகப் பஞ்சு முழுக்கத் தண்ணீரில் வந்துவிடும். பிறகு மாடியில் நின்று தூசியைத் தட்டி, மென்மையான பிரஷால் ரோமத்தின் போக்கிலேயே நீவிவிடுங்கள். வெறும் நாற்றம்தான் பிரச்சினை என்றால் இந்த இடத்திலேயே வேலையை முடிக்கலாம். பொம்மையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவைத் தூவிக் குலுக்கி, இரவு முழுக்க வைத்து, காலையில் தட்டி நீவி எடுங்கள். பாதி பொம்மைகளுக்கு இதுவே போதும்.

சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பொம்மையின் அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஏறினால் முக்கிக் கழுவாதீர்கள். சிவப்பு இதயம், கறுப்பு ரிப்பன் முடிச்சு மாதிரியான ஒட்டுத் துணிகளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சாயம் விடுவது பெரும்பாலும் அவைதான்.

கறைகளில் நம் வீடுகளுக்கே உரியவை இரண்டு. ஒன்று தேங்காய் எண்ணெய். எண்ணெய் தேய்த்த தலையோடு பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குவதால் அதன் முகம் கறுத்து, ரோமம் கற்றை கற்றையாக ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரலில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் தடவி, பத்து நிமிடம் விட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது மஞ்சள். சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். சோப்பின் காரத்தன்மைக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துபோகக்கூடியது. பொம்மையின் மற்ற பகுதியை ஒரு துண்டால் மூடி, கறையை மட்டும் வெயில் படும்படி வையுங்கள். முழுசாக வெயிலில் போட்டால் பொம்மையின் சொந்த நிறமும் மங்கும்.

பேனா மைக்குச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் மங்கிவிடும். ரத்தம், பால், வாந்தி எல்லாவற்றுக்கும் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் பட்டால் அந்தக் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும்.

மூன்று விதக் குளியல்

மரச்சுருள், இலவம் பஞ்சு, இசைப்பெட்டி, சாயம் போகும் துணி என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் நுரைக் குளியல்தான். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் குழந்தைகளுக்கான ஷாம்பு அரைத் தேக்கரண்டியும் விட்டு நன்றாக அடித்து நுரை எழுப்புங்கள். நுரையை மட்டும் துணியில் அள்ளி ரோமத்தின் மேல் தடவி, சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். அடித்துணி வரை ஈரம் இறங்கக் கூடாது.

மற்ற பொம்மைகளுக்குக் கைக்குளியல். அரை பக்கெட் வெதுவெதுப்பான நீர், பட்டுக்கும் கம்பளிக்கும் விற்கிற திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். நுரை அதிகமானால் அலசியே மாளாது, மிச்ச சோப்பு ரோமத்தை விறைக்க வைத்துவிடும். பொம்மையை முக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தாங்கிப் பிடித்து, அமுக்கி அமுக்கி விடுங்கள். கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவே கூடாது. முறுக்கினால் உள்ளே பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடும், தையலும் விடும். தண்ணீர் கலங்கியதும் மாற்றி, தெளியும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலுக்கு ஒரு குடம் குடிதண்ணீரைச் செலவு செய்யலாம். உப்புத் தண்ணீரில் அலசிய ரோமம் காய்ந்ததும் சொரசொரப்பாக நிற்கும்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், தையல் உறுதியாக உள்ள பாலியெஸ்டர் பொம்மையைப் போடலாம். தலையணை உறைக்குள் வைத்து வாயைக் கட்டி, இரண்டு பழைய துண்டுகளோடு, மெதுவாகச் சுற்றும் அமைப்பில், தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகாமல். வேறு வழியில்லாமல் பத்து பொம்மைகளை ஒரே நாளில் முடிக்க வேண்டியிருந்தால்தான் நான் இதற்குப் போவேன்.

குழந்தைக்கு ஒவ்வாமை, இளைப்பு என்று இருந்தால் ஒரு படி கூடுதல். தூசிப்பூச்சிகள் 60 டிகிரி வெந்நீரில் சாகும், ஆனால் அந்தச் சூட்டைப் பொம்மை தாங்காது. அதனால் கழுவும் முன் பொம்மையைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு முழு நாள் வையுங்கள். பெரிய பொம்மை என்றால் இரண்டு நாள், நடுப்பஞ்சு வரை குளிர் இறங்க நேரமாகும். குளிர் பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான். ஒவ்வாமையைக் கிளப்பும் அவற்றின் கழிவு பஞ்சிலும் ரோமத்திலும் அப்படியே இருக்கும். எனவே எடுத்த பிறகு கட்டாயம் கழுவ வேண்டும்.

காய வைப்பது

பொம்மைகள் கெட்டுப்போவது கழுவும்போது அல்ல, காயும்போது. மேலே தொட்டால் அரை நாளில் காய்ந்தது போலத் தெரியும். நடுவில் ஈரம் இருக்கும். அப்படியே படுக்கைக்குப் போனால் நான்காம் நாள் பூஞ்சை நாற்றம் வரும், அதை விரட்டுவது பெரும்பாடு. எனவே ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆடிக் காற்றைப் போல நல்ல நாள் கிடையாது.

கழுவிய பொம்மையைக் கனமான துண்டில் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, மேலே முழங்கையால் அழுத்துங்கள். துண்டு நனைந்ததும் வேறு துண்டு. மூன்று துண்டு மாற்றினால் பெரும்பாலான நீர் வந்துவிடும். பிறகு காது, மூக்கு, கை கால்களை நீவி உருவத்துக்குக் கொண்டு வந்து, நிழலில், அடியிலும் காற்றுப் போகிற இடத்தில் படுக்க வையுங்கள். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. காய்கறிக் கூடையைக் கவிழ்த்தும் வைக்கலாம், மேலே மின்விசிறி ஓடட்டும். காதில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த பொம்மையின் மொத்த எடையும் அந்த ஒரு தையலில் இறங்கும். பிய்ந்த காதுகளில் பல இப்படிப் பிய்ந்தவைதான்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, உள்ளே பஞ்சை விரலால் பிரித்துவிடுங்கள். அரை ஈரமாக இருக்கும்போது நாய் பூனைக்கு விற்கும் சீப்பாலோ புதிய டூத் பிரஷாலோ ரோமத்தை வாரிவிட்டால் பஞ்சு போல எழும்பும். முழுக்கக் காய்ந்தபின் வாரினால் பிய்ந்து வரும். ஹேர் டிரையரில் குளிர்காற்று மட்டும்தான். சூடான காற்று பட்டால் செயற்கை ரோமத்தின் நுனி உருகிச் சுருண்டுவிடும், பிறகு எந்தச் சீப்பாலும் அது நிமிராது.

எப்போது காய்ந்தது என்று தெரிவது? மறுபடி தராசில் வையுங்கள். கழுவும் முன் 240 கிராம் இருந்த பொம்மை இப்போது 265 காட்டினால் உள்ளே இன்னும் 25 கிராம் தண்ணீர் இருக்கிறது. பழைய எடைக்கு வரும்வரை குழந்தையிடம் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் சாதாரணமாக ஆகும்.

ஊசி நூலோடு உட்காரும்போது

தேவையானவை அதிகமில்லை. பொம்மையின் நிறத்தில் பாலியெஸ்டர் நூல், சாதாரண ஊசி, கை கால் தைக்க நீளமான ஒரு ஊசி, சில குண்டூசிகள், பிரிப்பதற்குச் சின்னக் கத்தரி, பஞ்சு திணிக்க முனை மழுங்கிய ஒரு குச்சி. சரியான நிறம் கிடைக்காவிட்டால் பொம்மையின் நிறத்தைவிட ஒரு படி கருமையான நூலை எடுங்கள். வெளிர் நூல்தான் கண்ணில் குத்தும். குண்டூசிகளை எண்ணி எடுத்து, முடித்ததும் எண்ணி வையுங்கள்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு தையல். இரண்டு ஓரங்களுக்கு நடுவே நூல் ஏணிப்படி மாதிரி போவதால் ஏணித் தையல் என்று சொல்லலாம். வெளியே தெரியாது, பிய்ந்த தையல் எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. பிரிந்த இடத்தின் இரண்டு ஓரங்களையும் உள்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். நூலை இரட்டையாகக் கோர்த்து முடிச்சுப் போட்டு, ஒரு பக்க மடிப்பின் உள்ளிருந்து ஊசியை வெளியே எடுங்கள். முடிச்சு உள்ளே மறைந்துவிடும். இப்போது நேர் எதிரே உள்ள மடிப்பில் ஊசியைக் குத்தி, அந்த மடிப்புக்குள்ளேயே 3 மில்லிமீட்டர் ஓட்டி வெளியே எடுங்கள். மறுபடி நேர் எதிரே, இந்தப் பக்க மடிப்பில் அதே போல. குறுக்கே போகும் நூல் எப்போதும் நேராகப் போக வேண்டும். சாய்ந்து போனால் சுருக்கம் விழும். ஐந்தாறு படி ஆனதும் நூலைத் தையல் போகும் திசையிலேயே மெல்ல இழுங்கள். படிகள் எல்லாம் உள்ளே போய் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை இதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம். முடிவில் சின்ன முடிச்சுப் போட்டு, அதே துளையில் ஊசியை உள்ளே விட்டு, இரண்டு அங்குலம் தள்ளி வெளியே எடுத்து, நூலை இறுக்கிப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். நுனி உள்ளே போய் மறைந்துவிடும்.

பிய்ந்த காதையோ கையையோ குண்டூசியால் நிறுத்தி, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு, சுற்றிலும் ஏணித் தையலே இரண்டு சுற்றுப் போடுங்கள். தைத்த இடத்தைச் சுற்றித் துணியே நைந்திருந்தால் தையல் நிற்காது. உள்பக்கமாக ஒரு சின்னப் பருத்தித் துணி ஒட்டுப் போட்டு, அதையும் சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும். தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி சும்மாவே கொடுப்பார்.

கழுத்து தொங்கிப்போன பொம்மைக்குப் பஞ்சு சேர்க்க வேண்டும். முதுகிலோ அடியிலோ தொழிற்சாலையில் கடைசியாகக் கையால் மூடிய ஒரு தையல் இருக்கும், விரலால் தடவினால் கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். அதைத்தான் பிரிக்க வேண்டும், வேறு எங்கும் வெட்டாதீர்கள். பழைய பாலியெஸ்டர் தலையணையிலிருந்து பஞ்சை எடுத்து, நன்றாகப் பிரித்து, எலுமிச்சையளவு உருண்டைகளாகக் குச்சியால் தள்ளுங்கள். பெரிய உருண்டையாகத் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். கழுத்துக்கு மட்டும் கெட்டியாக, வயிற்றுக்குத் தளர்வாக. புதுப் பொம்மை போல விம்ம வைக்காதீர்கள். குழந்தையின் கை பழகியிருப்பது அந்தத் தளர்ச்சிக்குத்தான். பழைய பஞ்சு நன்றாக இருந்தால் ஒரு கைப்பிடியை நடுவில் திரும்ப வைத்து மூடுங்கள்.

கண் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சின்னப் பாகங்கள் கழன்று வருமா என்பதும் அந்தச் சோதனைகளில் உண்டு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலுக்குள் முழுவதும் அடங்கும் பாகம், 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நாம் வீட்டில் தைக்கும் பொத்தானை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை. ஆகவே வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கண்ணைக் கறுப்பு எம்பிராய்டரி நூலால் தைத்துவிடுங்கள். பழைய கண் இருந்த துளையை ஏணித் தையலால் மூடி, அதன்மேல் நெருக்கமாக நூலை நிரப்பி, ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கென்றால் பொத்தான் போடலாம். நீள ஊசியால் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து நூலைக் கொண்டு வந்து, பொத்தானில் கோர்த்து, திரும்பக் கழுத்துக்கே கொண்டு போய் லேசாக இழுத்து முடிச்சிட்டால், கண் கொஞ்சம் உள்வாங்கி அழகாக உட்காரும்.

ரோமம் உதிர்ந்து வழுக்கையான இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள். முத்தம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த மூக்கு, பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கை. துணி ஓட்டையாகும் நிலைக்கு வந்தால் மட்டும் வெல்வெட்டோ கார்டுராயோ ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போடலாம். எந்த நிறம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். என் மகள் முயலின் பாதத்துக்கு ஊதாப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேறொரு நிறத்தை நான் மனதில் வைத்திருந்தேன், அவள் சொன்னதையே தைத்தேன்.

கொடுக்கும் முன் கடைசியாக ஒரு வேலை. தைத்த ஒவ்வொரு காதையும் கையையும் கண்ணையும், குழந்தை கோபத்தில் இழுக்கும் அளவுக்கு நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் அசைந்தால் இன்னொரு சுற்றுப் போடுங்கள்.